விசாரிச்சதாச் சொல்லுங்க

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஒரே ஒரு மாடி. அந்த மாடிக்கு ஏறிப்போக ஒரே ஒரு படிக்கட்டு.

சிரிக்காதீங்க அண்ணே. எனக்குக் கதை சொல்ல வருவது இப்படித்தான். எங்கள் தாத்தா நாலு 'ஒரே ஒரு' போடாமல் வாயைத் திறக்கமாட்டார். கேட்கிறவர் உம் கொட்டவேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். அதுதான் ஒப்பந்தம்.

நீங்க நல்லா உம் கொட்டுறீங்க. இந்தக் காலத்தில் யாருண்ணே அப்படிக் கொட்டுறாங்க? போனைப் பார்த்துக்கொண்டே 'ஓகே, ஓகே' என்கிறார்கள். அதில் எப்படிக் கதை ஓடும்?

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. அம்மா நாலு மணிக்கு வந்துவிடுவாள். சத்துணவு அமைப்பாளர், பள்ளிக்கூடத்தில் பாத்திரம் எல்லாம் கழுவி எண்ணிவைத்துவிட்டுத்தான் கிளம்பமுடியும். அவள் வந்தால்தான் மாடியைத் திறக்கலாம். சாவி அவள் கைப்பையில் இருக்கிறது. முன்பெல்லாம் என்னிடம்தான் இருக்கும், இதோ இந்த ஆணியில். இப்போது தருவதில்லை. நான் கேட்பதும் இல்லை.

ஏன் என்றுதான் சொல்ல வருகிறேன். நீங்களும் 'வாடகைக்கு விடப்படும்' போர்டைப் பார்த்து வந்தவர். இந்த மாடியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டாமா? பக்கத்து வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன். ரெண்டே ரெண்டு விஷயம் மட்டும் சொல்லமாட்டேன். இதற்குமுன் மாடியில் இருந்த அக்கா, அவங்க பாப்பா, ரெண்டு பேருடைய பேரும் சொல்லமாட்டேன். இப்போது அவர்கள் இருக்கிற ஊரையும் சொல்லமாட்டேன். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

உம்.

வீடு விடுகிறவன் வருகிறவர்களை விசாரிக்காமல் விடக்கூடாதுண்ணே. அதை நான் இப்போதும் சொல்வேன். அந்த அக்காவுக்கும் முன்னால் ஒருத்தர் இருந்தார். விசாரிக்கவே இல்லை. நெற்றி நிறைய திருநீறு, கையில் தினமும் பூ, அம்மா அப்படியே சாவியைக் கொடுத்துவிட்டாள். மனிதர் மாடியில் உட்கார்ந்து மூணு நம்பர் லாட்டரி விற்றிருக்கிறார். போலீஸ் வந்தது. அம்மா மூணு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள். "என்னம்மா, மேல நடக்குறது கீழ இருக்குற உனக்குத் தெரியாதா?" என்று எஸ்.ஐ. கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"பூபதி, இனிமே யாரு வந்தாலும் நல்லா விசாரி. உனக்கு வேற என்ன வேலை?"

குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறவனுக்குக் கேள்வி தயாரிக்கச் சொல்லித்தரவேண்டுமா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இருபத்து மூன்று கேள்விகள். சொந்த ஊர் எது, என்ன வேலை, எத்தனை பேர், விருந்தாளி அடிக்கடி வருவார்களா, முந்தைய வீட்டு ஓனர் பேர், போன் நம்பர். எதிரே ஒரு கோடு. பதில் கிடைத்தால் சிவப்புப் பேனாவில் டிக்.

சாதியா? சேச்சே. அதெல்லாம் நாங்க கேட்கிறதே இல்லண்ணே. குலதெய்வம் எது, எந்த மாசம் கும்பிடுவீங்க, கிடா வெட்டா பொங்கலா, அவ்வளவுதான் கேட்போம். அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

சரி. வைகாசி கடைசி, பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது அந்த அக்கா வந்தாங்க. ஒரு பெரிய பை. ஒரு குக்கர். ஒரு பாப்பா. குக்கரைப் பாப்பா கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது, நாய்க்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்றார்.

நான் நோட்டைத் திறந்தேன்.

"வீட்டுக்காரர்?"

"வெளியூர்ல இருக்காரு தம்பி."

"எந்த ஊரு?"

"வெளியூர்தான்."

"இதுக்கு முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர்?"

"அவங்க நம்பரை மாத்திட்டாங்க."

இப்படியே எல்லாவற்றுக்கும் யோசித்து யோசித்து, கால்வைக்கிற இடம் பார்த்து நடக்கிற மாதிரி பதில் சொன்னார். குலதெய்வம் என்று கேட்டேன் பாருங்க, அதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. "ஏழுமடை கருப்பு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாப்பாவும் குக்கரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி விஷயத்தில் யார்தான் பொய் சொல்வார்கள்?

அம்மா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவ்வளவுதான், சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் பதினாலாவது கேள்வியைத் தாண்டவில்லை. "பொண்ணைப் பார்த்தாலே தெரியுதுடா. பாக்கியைப் பொறுமையா விசாரி" என்றாள்.

அக்கா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சுண்ணாம்பு அடிக்கச் சொல்லவில்லை, ஃபேன் கேட்கவில்லை. "கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள் போட்டுத் தர்றீங்களா தம்பி?" நானே வாங்கிவந்து, நானே ஸ்க்ரூ முடுக்கினேன். நோட்டில்கூட எழுதினேன்: 'பாதுகாப்பு உணர்வு உள்ளவர்.' டிக்.

ரெண்டு மாசம் எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா? தையல் மெஷின் சத்தம் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு ரெண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். பாப்பா சாயங்காலம் இறங்கிவந்து இதே இடத்தில் உட்காரும். "மாமா, ஒரே ஒரு ஊரு சொல்லுங்க" என்று கேட்கும். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு மூக்கால் உம் கொட்டும். நான் நடுவில் ராஜாவைக் கொன்றுவிட்டால் உம்மை நிறுத்திவிடும். அவரைப் பிழைக்கவைத்தால்தான் அடுத்த உம்.

ஆனால் அந்தப் பதினாலாவது கோடு காலியாகவே இருந்தது அண்ணே. முந்தைய ஓனர், கோடு. எனக்கு ஒரு புத்தி, விடைத்தாளில் ஒரு இடம் காலியாக விட்டால் கை நமநம என்று இருக்கும். அக்கா மேல் சந்தேகம் இல்லை. சத்தியமாக இல்லை. காலியாக இருக்கிறதே என்றுதான்.

ஏழுமடை கருப்பு என்று ஃபேஸ்புக்கில் போட்டுப் பார்த்தேன். கும்பாபிஷேக நோட்டீஸ் வந்தது. அடியில் பூசாரி நம்பர். போன் போட்டேன். இந்த மாதிரி, உங்க சாமியைக் கும்பிடுகிற குடும்பம், தையல் தெரிந்த பெண், மூணாவது படிக்கிற பாப்பா, எங்கள் வீட்டில் குடியிருக்கிறார்கள், நல்ல குடும்பம்தானா என்று விசாரித்தேன். பேரையும் சொன்னேன்.

பூசாரி பேரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "தம்பி எந்த ஊரு?" என்றார்.

"திண்டுக்கல்."

"அப்படியா. இருங்க, ஒருத்தரைப் பேசச் சொல்றேன்."

அரை மணி நேரத்தில் போன் வந்தது. தன்மையான குரல். "தம்பி, அந்தப் பிள்ளை முன்னாடி குடியிருந்த வீட்டு ஓனர் பேசுறேன்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நோட்டைத் தேடி எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.

"வாடகையெல்லாம் ஒழுங்கா கொடுத்தாங்களா சார்?"

"ஒண்ணாந்தேதி தவறாது."

"வீட்டைச் சுத்தமா வச்சுக்குவாங்களா?"

"கண்ணாடி மாதிரி வச்சுக்கும்."

"சத்தம், சண்டை?"

"சத்தமே வராது தம்பி. அடிச்சாக்கூடச் சத்தம் வராது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் அண்ணே. சிரித்துக்கொண்டே எழுதினேன்: 'அமைதியானவர்.' அந்த நோட்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும் என்று எடுப்பேன். கிழிக்க மனசு வராது. கிழித்துவிட்டால் நான் அப்படி எழுதவே இல்லை என்று ஆகிவிடுமே.

பிறகு அவர் கேட்டார், நான் சொன்னேன். எந்தத் தெரு என்றார். தண்ணீர் டேங்குக்கு அடுத்த சந்து, நீலக் கேட்டு, மாடிக்கு வெளிப்படிக்கட்டு என்றேன். பாப்பா எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் என்றார். அதையும் சொன்னேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர், நாம் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா? கடைசியில், "நான் பேசுனதை அதுகிட்டச் சொல்லிடாதீங்க. நேர்ல வந்து நிக்கிறேன், ரொம்பச் சந்தோஷப்படும்" என்றார்.

சந்தோஷப்படும் என்றுதானே சொன்னார்.

ஆவணி மாசம், சனிக்கிழமை, பகல் பதினோரு மணி. அம்மாவுக்கு ஒன்றிய அலுவலகத்தில் மீட்டிங். அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சாத்தூர் சேவு பொட்டலம். வீட்டு ஓனர் என்றால் ஓனர் மாதிரியே இருந்தார். "வாங்க சார், வாங்க" என்று நானே முன்னால் ஏறினேன். அந்தப் படிக்கட்டில்தான். பதினேழு படி. நானே கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"நான்தான்க்கா."

நான்தான்க்கா என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. மேல்தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டது. அப்புறம் கீழ்த்தாழ்ப்பாள். நான் போட்டுக்கொடுத்ததே, அது. என் குரலுக்காகத்தான் திறந்தார் அண்ணே. வந்தவர் குரலாக இருந்தால் திறந்திருக்கவே மாட்டார். நானோ கதவு முழுசாகத் திறப்பதற்குள்ளேயே திரும்பிவிட்டேன். "பேசிக்கிட்டு இருங்க, பால் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று படியிறங்கிவிட்டேன். ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அக்கா முகத்தைப் பார்த்திருப்பேன். விருந்தாளிக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்று எனக்கு அவசரம்.

உம்... ஆமாண்ணே, சொல்றேன்.

பால் வாங்கிக்கொண்டு வந்தேன். பாப்பா நடுப்படியில் உட்கார்ந்திருந்தது. ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கத்திக் கத்தி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. "ஏழெட்டு அம்பத்தாறு! ஏழொம்போது அறுபத்து மூணு!" சனிக்கிழமைகூடப் படிக்கிறதே என்று நினைத்தேன். "வெரிகுட், இன்னும் சத்தமாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

அதுவும் இன்னும் சத்தமாகச் சொன்னது.

அவர் இறங்கிவந்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டார். இப்போது நீங்க இருக்கிறீங்களே, இதே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். போகும்போது, "நல்ல பையன் நீ. உங்க அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க தம்பி" என்றார். கேட்டைத் தாண்டித் திரும்பி, கொக்கியை எடுத்து மாட்டிவிட்டுப் போனார். வீடு பார்க்க வருகிறவர்கள் ஒருத்தர்கூடக் கேட்டைச் சாத்துவது கிடையாது. எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன்.

அம்மா ரெண்டு மணிக்கு வந்தாள். நான் பெருமையாகச் சொன்னேன். "அக்காவோட பழைய ஓனர் வந்துட்டுப் போனாரும்மா. உன்னை விசாரிச்சதாச் சொன்னாரு."

அம்மா, "யாரு?" என்றாள். மறுபடியும் "யாரு?" என்றாள். மேலே தையல் மெஷின் சத்தம் இல்லை என்பதை அவள்தான் கவனித்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினாள். முழங்கால் வலிக்கிறது என்று ரெண்டு வருஷமாக மாடிப்பக்கம் போகாதவள்.

புருஷன் அண்ணே. ஓனரும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த ஆளிடமிருந்து தப்பித்து வந்திருக்கிறார். கல்யாணமானதிலிருந்து அடி. அடிக்கும்போது சத்தம் வந்தால் அதற்குத் தனியாக அடி. அன்றைக்கு அந்த ஆள் என்ன செய்தார் என்றால்... அக்காவின் வலதுகையில் ரெண்டு விரலைக் கதவிடுக்கில் வைத்து... விடுங்க. ஊசி பிடிக்கிற விரல்கள். நான் கீழே டிக்காஷன் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் அம்மாதான் போனாள். அந்த ஆளைக் கூப்பிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அம்மா அதை நம்பவில்லை. "எழுதிக் கொடுத்தவன் வரமாட்டான்டா. வேற யாரையாவது அனுப்புவான். யாரு வந்தாலும் வாயைத் திறக்காதே, முதல்ல எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு எல்லாவற்றிலும் பயம். இதோ, அந்த ஆள் வந்துபோய் மூணு மாசமாகிறது. ஒருத்தரும் வரவில்லை.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஏழெட்டுப் படி ஏறுவேன். மேலே பாப்பா இருமும். இறங்கிவிடுவேன். மூணு நாள் இப்படியே ஏறி இறங்கினேன். கடைசிநாள் பாப்பா வாசலில் உட்கார்ந்திருந்தது. நானாகப் போய் உட்கார்ந்து, ஒரே ஒரு ஊரிலே என்று தொடங்கினேன். பாப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ராஜா என்றேன். ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறார் என்றேன். உம் கொட்டவில்லை அண்ணே. கடைசிவரைக்கும் கொட்டவில்லை.

ஆட்டோ வந்தது. அக்கா கையில் கட்டு. அம்மா பையைத் தூக்கிவைத்தாள். அக்கா ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்:

"என்னை அத்தனை கேள்வி கேட்டீங்களே தம்பி. அந்த ஆளை ஒரு கேள்வி கேட்டீங்களா? நீங்க யாருன்னு?"

கேட்கவில்லை. வாடகை கேட்டேன், சுத்தம் கேட்டேன், சத்தம் கேட்டேன். நீங்க யாரு என்று கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்வியைத்தான் இப்போது இருபத்து நாலாவதாக எழுதிவைத்திருக்கிறேன். இனி விசாரிக்கவேண்டியது வாடகைக்கு வருகிறவர்களை மட்டும் இல்லை, அவர்களை விசாரிக்க வருகிறவர்களையும்தான். வீட்டுக்காரர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் அண்ணே. அதனால்தான் யார் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். சொன்னால் நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைகிற மாதிரி இருக்கிறது. நீங்கதான் இவ்வளவு பொறுமையாகக் கேட்ட ஆள். மற்றவர்கள் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்டுக் கதையை வெட்டிவிடுவார்கள். திண்டுக்கல்லில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வியே அதுதானே. நீங்க அதைக்கூடக் கேட்கவில்லை பாருங்க.

இப்போது நன்றாக இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கும் மனசு கஷ்டப்படும். விரல் ஒன்று நேராகிவிட்டது, இன்னொன்று கொஞ்சம் மடங்கினபடிதான். இருந்தாலும் மெஷின் மிதிக்கிறாராம். அம்மாகூட ட்ரெயினிங் எடுத்த ஒரு டீச்சரம்மாதான் இடம் பார்த்துக் கொடுத்தது. பாப்பா அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தது. எனக்கு ஒரு வரியும் இல்லை. நான் திருட்டுத்தனமாகப் படித்தேன். தெரு முழுக்க மஞ்சள் வாசமாம். மூட்டை மூட்டையாக மஞ்சள் மண்டியில் இறங்குமாம், யூனிபார்ம்கூட மஞ்சள் வாசம் அடிக்கிறதாம். சிரிப்பாக இருந்தது எனக்கு.

இல்லல்ல, ஊர் பேர் சொல்லமாட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

வீடா? வீடு மாடிதான். கீழே மாவு மெஷின். அம்மாவுக்கு அதுதான் கவலை, பகல் பூராவும் மெஷின் ஓடினால் யாராவது கதவைத் தட்டினால்கூடக் கேட்காதே என்று. பள்ளிக்கூடமா? அது பின்னாலேயே. மணி அடித்ததும் இறங்கி ஓடினால் போதும், ரோட்டைத் தாண்டவேண்டிய பயம் இல்லை. சாயங்காலம் மட்டும் அக்கா வேலைவிட்டு வர ஆறு மணியாகிவிடும். அதுவரை பாப்பா மாவு மெஷின் வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுமாம். வாய்ப்பாடு சொல்வதில்லையாம். பரீட்சையில் வாய்ப்பாடு வந்தால் எழுதிக் காட்டுகிறதாம், வாயால் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டேன் என்கிறதாம்.

என்னால்தானே அது.

என்னண்ணே, எழுந்துட்டீங்க? மணி மூணே முக்கால்தான் ஆகுது. இன்னும் கால்மணி நேரத்தில் அம்மா வந்துவிடுவாள், மாடியைப் பார்க்காமல் போறீங்களே. நோட்டைக்கூட எடுக்கவில்லை நான். எடுக்கணும் எடுக்கணும் என்று நினைத்தேன், நீங்க உம் கொட்டின அழகில் மறந்தேபோனேன். ஒரு நிமிஷம் இருங்க, உங்க பேர், ஊர் எழுதிக்கிறேன்.

பரவாயில்லையா? இன்னொரு நாள் வர்றீங்களா? சரிண்ணே. அம்மாகிட்ட யாரு வந்ததாகச் சொல்லட்டும்?

என்ன சொன்னீங்க?

...தர்ஷிகாவை விசாரிச்சதாச் சொல்லணுமா?

சரி, சொல்லி... அண்ணே. அண்ணே, நில்லுங்க. பாப்பா பேரை நான் சொல்லவே இல்லையே. பாப்பா பாப்பா என்றுதானே சொன்னேன். உங்களுக்கு எப்படி... அண்ணே, நீங்க யாரு? எந்த ஊரு நீங்க? உங்க குலதெய்வம் எது? அதையாவது சொல்லிட்டுப் போங்க!

நான் ஊர் பேரைச் சொல்லலைதானே? சொல்லலை. நினைவிருக்கு, சொல்லவே இல்லை. மஞ்சள் எந்த ஊரில்தான் இல்லை? மாவு மெஷின் எந்தத் தெருவில் இல்லை? அண்ணே, அதெல்லாம் பொய். கடிதமும் இல்லை, பாப்பாவும் இல்லை. அம்மா, போனை எடும்மா, எடு, எடு... அண்ணே, கேட்டைத் திறக்காதீங்க, இங்க பாருங்க. நான் சொன்னது எல்லாம் கதை. தாத்தா சொன்ன கதை. முதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க. ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீடு...

கொக்கியை ஏண்ணே மாட்டுறீங்க? அதை மாட்டாதீங்க.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு மாடி... அண்ணே! உம் கொட்டுங்கண்ணே. உம் கொட்டாமப் போறீங்களே.